கிருமியே இல்லாத சுண்டெலியும் அல்சைமர் மூளையும்

அந்தச் சுண்டெலி பிறந்த நாளிலிருந்து ஒரு பாக்டீரியாவைக்கூடச் சந்தித்தது கிடையாது. அது வாழ்வது தெளிவான பிளாஸ்டிக் படலத்தால் ஆன மூடிய கூடாரத்துக்குள். உள்ளே போகும் காற்று வடிகட்டி வழியாகத்தான் போகும். தீவனம், தண்ணீர், கூண்டில் பரப்பும் மரத்தூள் எல்லாமே கிருமி நீக்கப்பட்டவை. பராமரிப்பவர் வெளியே நின்றபடி, கூடாரச் சுவரோடு ஒட்டியிருக்கும் நீளமான ரப்பர் கையுறைகளுக்குள் கையை விட்டுத்தான் அதைத் தூக்க முடியும். ஏதாவது கிருமி புகுந்துவிட்டதா என்று பார்க்க அதன் எச்சத்தை அவ்வப்போது எடுத்துச் சோதிப்பார்கள். குடலில் பாக்டீரியா தயாரித்துத் தரும் வைட்டமின் கே அதற்குக் கிடைக்காது என்பதால் அதைத் தீவனத்திலேயே சேர்த்துவிட வேண்டும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் இருக்கும் பை பல மடங்கு ஊதிப்போய் இருக்கும். சளிப்படலத்தைத் தின்று கரைக்க அங்கே யாரும் இல்லை அல்லவா?

இப்படி வளரும் சுண்டெலிக்குள், மனிதர்களுக்கு அல்சைமர் நோயைக் கொண்டுவரும் மரபணுக்களையும் புகுத்தினால் என்ன ஆகும்? சாதாரணக் கூண்டில், சாதாரண பாக்டீரியாக்களோடு வளரும் அதே வகைச் சுண்டெலியின் மூளையில் சில மாதங்களுக்குள் அமிலாய்டு என்ற புரதத்தின் படிவுகள் அப்பிக்கொள்ளும். கூடாரத்துச் சுண்டெலியின் மூளையில் அவை கணிசமாகக் குறைவு. மரபணு அதே, வயதும் அதே. வித்தியாசம் குடலில் பாக்டீரியா இருக்கிறதா இல்லையா என்பதில்தான். சுவிட்சர்லாந்தின் லோசானையும் ஸ்வீடனின் லுண்டையும் சேர்ந்த ஆய்வாளர்கள் அடங்கிய குழு 2017-ல் இந்த முடிவை வெளியிட்டது. மூளை நோயைக் குடலில் தேடுவது என்ற எண்ணத்தை அதுவரை ஓரமாக வைத்திருந்தவர்களும் அதற்குப் பிறகு திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த முடிவிலிருந்து நமக்கு வந்து சேரும் செய்தி பெரும்பாலும் ஒரே வரிதான்: “குடல் பாக்டீரியாவால் அல்சைமர்.” அந்த வரி தவறான இடத்தில் கையை வைக்கிறது என்று நினைக்கிறேன். சுண்டெலிகள் சொல்வது அதைவிட நுட்பமானது, எனக்கு அதைவிட நம்பிக்கை தருவதும்கூட. அதைச் சரியாகக் கேட்க வேண்டுமானால் அந்தச் சுண்டெலி யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சுண்டெலிக்கு அல்சைமர் வராது

எவ்வளவு வயதானாலும் சாதாரணச் சுண்டெலியின் மூளையில் இந்தப் படிவுகள் தானாகச் சேர்வதில்லை. 1906-ல் அலோய்ஸ் அல்சைமர் தன் நோயாளி ஒருவரின் மூளைத் திசுவில் கண்டு சொன்ன இரண்டு அடையாளங்கள்தான் இன்றுவரை நோயின் முத்திரை. ஒன்று, நரம்பு செல்களுக்கு வெளியே அமிலாய்டு பீட்டா என்ற புரதத்துண்டு திட்டுத் திட்டாகப் படிவது. மற்றது, செல்களுக்கு உள்ளே டாவ் என்ற புரதம் முறுக்கிக்கொண்டு சிக்காவது. சுண்டெலியின் அமிலாய்டு பீட்டா மனிதருடையதிலிருந்து மூன்றே மூன்று அமினோ அமிலங்களில் வேறுபடுகிறது. அது அவ்வளவு எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிப் படியாமல் இருக்க அதுவே ஒரு காரணம்.

அதனால் ஆய்வாளர்கள் மனித மரபணுவையே சுண்டெலிக்குள் வைக்கிறார்கள். அதுவும் சாதாரண மரபணுவை அல்ல. சில குடும்பங்களில் 40, 50 வயதிலேயே நோயைக் கொண்டுவரும் பிறழ்ந்த மரபணுவை. 1995-லும் 1996-லும் இப்படிப்பட்ட முதல் சுண்டெலிகள் வந்தன. 2006-ல் வந்த 5எக்ஸ்எஃப்ஏடி என்ற வகையில் ஒன்றல்ல, ஐந்து பிறழ்வுகள் ஒரே உடலில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதன் மூளையில் இரண்டு மாத வயதிலேயே அமிலாய்டு படியத் தொடங்கிவிடும். மனிதர்களில் இத்தகைய குடும்பப் பிறழ்வுகளால் நோய் வருவது மொத்த நோயாளிகளில் 1 சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர்களுக்கு நோய் முதுமையில், பல காரணங்கள் சேர்ந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சத்தமில்லாமல் வளர்ந்து வருகிறது.

இந்தச் சுண்டெலிகளில் பெரும்பாலானவற்றுக்கு டாவ் சிக்குகள் உருவாவதில்லை. நரம்பு செல்கள் மனித மூளையில் போலக் கூட்டம் கூட்டமாகச் சாவதும் இல்லை. அதற்கென்று டாவ் மரபணுவில் பிறழ்வு வைத்த தனிச் சுண்டெலிகள் இருக்கின்றன. ஆக, “அல்சைமர் சுண்டெலி” என்று செய்தியில் படிக்கும்போது, “மூளையில் அமிலாய்டு சேரும்படி செய்யப்பட்ட சுண்டெலி” அல்லது “டாவ் கெடும்படி செய்யப்பட்ட சுண்டெலி” என்று மனத்துக்குள் மாற்றிப் படிப்பது நல்லது. நோயின் ஒரு துண்டு அதில் இருக்கிறது. அந்தத் துண்டைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது என்பதுதான் அதன் பெருமை.

ஆன்டிபயாடிக் காட்டிய வழி

கிருமியில்லாச் சுண்டெலி முடிவு வருவதற்கு முன்பே, 2016-ல், சிகாகோ பல்கலைக்கழகத்தில் சங்கிராம் சிசோடியாவின் ஆய்வகம் வேறு வழியில் அதே கேள்வியைக் கேட்டிருந்தது. அமிலாய்டு சேரும் சுண்டெலிகளுக்குப் பல ஆன்டிபயாடிக்குகள் சேர்ந்த கலவையை நீண்ட நாள் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களின் சேர்க்கையை மாற்றினார்கள். ஆண் சுண்டெலிகளின் மூளையில் படிவுகள் குறைந்தன. அடுத்த ஆண்டு அதே குழு செய்த சோதனை எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. இந்த முறை மருந்து கொடுத்தது பிறந்து இரண்டாவது வாரம் முடிந்தபின் ஒரே ஒரு வாரம். அதன்பின் மருந்தே இல்லை. ஆறு மாதம் கழித்து மூளையைப் பார்த்தபோதும் படிவுகள் குறைவாகவே இருந்தன. சுண்டெலியின் வாழ்க்கைக் கணக்கில் அது பால்குடி மறக்கும் பருவத்தில் நடந்த ஒரு சிறு கலைப்பு. அதன் தடம் நடுவயது வரை மூளையில் இருந்தது.

ஆன்டிபயாடிக் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. மருந்து பாக்டீரியாவை மாற்றியதால் மூளை மாறியதா, அல்லது மருந்தே நேராக மூளையில் ஏதாவது செய்ததா? சில ஆன்டிபயாடிக்குகளுக்கு அழற்சியைக் குறைக்கும் குணம் தனியாகவே உண்டு. இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் மல மாற்றுச் சோதனைகள் வந்தன. சிகாகோ குழு 2019-ல், ஆன்டிபயாடிக் கொடுத்த ஆண் சுண்டெலிகளுக்கு, மருந்தே தொடாத அதே வகைச் சுண்டெலிகளின் மலக் கரைசலைக் கொடுத்தது. பாக்டீரியாக்கள் திரும்பக் குடியேறின. படிவுகளும் ஏறின. 2017-ன் கிருமியில்லாச் சுண்டெலி ஆய்விலும் இதே போக்குதான்: கூடாரத்துச் சுண்டெலிக்கு பாக்டீரியாவைக் கொடுத்ததும் படிவு கூடியது. அமிலாய்டு சுண்டெலியின் பாக்டீரியா கொடுத்தபோது அதிகமாகவும், ஆரோக்கியமான சுண்டெலியின் பாக்டீரியா கொடுத்தபோது குறைவாகவும்.

மருந்தாலும், கூடாரத்தாலும், மல மாற்றாலும், தனித்தனி ஆய்வகங்களில், ஒரே திசையைக் காட்டும் முடிவு. உயிரியலில் இது லேசாகக் கிடைப்பதில்லை. இந்தச் சுண்டெலிகளில் குடல் பாக்டீரியாவுக்கு மூளைப் படிவில் பங்கு உண்டு என்பதை இனி யாரும் எளிதாக மறுக்க முடியாது.

சரி, எப்படி? குடலில் இருக்கும் பாக்டீரியா மூளைக்குப் போவதில்லை. இடையில் யாரோ தூது போகிறார்கள்.

மூளையின் காவலர்களைப் பழக்குவது யார்?

மூளைக்கென்று தனியாக ஒரு காவல்படை உண்டு. மைக்ரோகிளியா என்ற செல்கள். கருவின் மிக ஆரம்ப நாட்களிலேயே மூளைக்குள் வந்து குடியேறிவிடும் இவை, கிளைகளை நீட்டிச் சுற்றுப்புறத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். இறந்த செல், வேண்டாத நரம்பு இணைப்பு, படிந்த புரதம் எது கண்ணில் பட்டாலும் விழுங்கப் பார்க்கும். அமிலாய்டு திட்டு ஒன்றை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அதைச் சுற்றி இவை நெருக்கியடித்து நிற்பது தெரியும். அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் மரபணு மாறுபாடுகளில் பலவும் இந்தச் செல்களில்தான் அதிகம் வேலை செய்கின்றன.

2015-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் மார்கோ பிரின்ஸின் குழு, கிருமியில்லாச் சுண்டெலிகளின் மைக்ரோகிளியாவை எடுத்துப் பார்த்தது. அல்சைமருக்கும் அந்த ஆய்வுக்கும் தொடர்பில்லை; சாதாரணச் சுண்டெலிகள்தான். அவற்றின் மைக்ரோகிளியா முதிர்ச்சி அடையாமல், பயிற்சி முடிக்காத காவலர்களைப் போல இருந்தன. கிருமி தாக்குவது போன்ற சைகை கொடுத்தபோதும் மெதுவாகவே எதிர்வினை காட்டின. அப்புறம் அந்தச் சுண்டெலிகளின் தண்ணீரில் மூன்று எளிய பொருள்களைக் கலந்து கொடுத்தார்கள்: அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட். சில வாரங்களில் மைக்ரோகிளியா பெருமளவு தேறிவிட்டன.

இந்த மூன்றும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள். நாம் தின்னும் நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியா அதை நொதிக்க வைத்து இவற்றை உண்டாக்குகிறது. குடல் சுவரின் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். ஆக, குடலில் நடக்கும் ஒரு நொதித்தல், மூளையில் இருக்கும் காவல் செல்களின் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது. தொலைவில் இருக்கும் இரண்டு உறுப்புகளுக்கு நடுவே இவ்வளவு எளிய வேதிப்பொருள் பாலமாக இருக்கும் என்பதை முதலில் படித்தபோது நான் அந்தக் கட்டுரையை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

அமிலாய்டு சுண்டெலிகளில் மைக்ரோகிளியாதான் தூதர் என்பதற்கு 2022-ல் நேரடிச் சான்று கிடைத்தது. சிகாகோ குழுவினரே, மைக்ரோகிளியா செல்களை அழிக்கும் மருந்து ஒன்றைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துவிட்டு ஆன்டிபயாடிக் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். மைக்ரோகிளியா இல்லாத மூளையில், குடல் பாக்டீரியாவை மாற்றுவதால் படிவில் எந்த மாற்றமும் தெரியவில்லை. தூதர் இல்லை, சேதியும் போகவில்லை.

நல்ல அமிலமா, கெட்ட அமிலமா?

இங்கேதான் கதை நாம் எதிர்பார்க்கும் பாதையை விட்டு விலகுகிறது. குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களுக்கு நல்ல பெயர். குடலுக்கு நல்லது, அழற்சியைக் குறைக்கும், நார்ச்சத்து சாப்பிடச் சொல்வதற்கு இதுவே காரணம் என்றெல்லாம் படித்திருப்போம். அதில் பொய் இல்லை. அப்படியானால் அமிலாய்டு சுண்டெலிக்கும் இவை நல்லது செய்ய வேண்டும்.

2021-ல் மியூனிக்கை மையமாகக் கொண்ட குழு ஒன்று, கிருமியில்லா அமிலாய்டு சுண்டெலிகளின் தண்ணீரில் இந்த மூன்று அமிலங்களையும் கலந்து கொடுத்தது. பாக்டீரியா எதையும் கொடுக்கவில்லை, அவை உண்டாக்கும் பொருளை மட்டும்தான். படிவு கூடியது. அதாவது, கூடாரத்துச் சுண்டெலிக்குக் கிடைத்திருந்த பாதுகாப்பைக் கலைக்க அந்த அமிலங்களே போதுமாக இருந்தன. மைக்ரோகிளியா விழித்து, படிவுகளைச் சுற்றி அதிகம் கூடின. படிவு மட்டும் குறையவில்லை.

இதற்கு நேர் எதிரான முடிவும் உண்டு. 2011-லேயே, கிட்டத்தட்ட இதே வகை அமிலாய்டு சுண்டெலிக்கு, படிவுகள் முற்றிய வயதில், சோடியம் பியூட்டிரேட்டை மருந்தாகப் பல வாரம் கொடுத்தபோது நினைவுத்திறன் தேறியது. அங்கே பியூட்டிரேட் வேலை செய்தது வேறு வழியில்: நரம்பு செல்களில் மரபணுக்களைச் சுருட்டி வைத்திருக்கும் புரதங்களைத் தளர்த்தி, கற்றலுக்கு வேண்டிய மரபணுக்களைத் திரும்ப இயங்க வைத்தது.

ஒரே பொருள். ஒரு சோதனையில் படிவைக் கூட்டுகிறது, இன்னொன்றில் நினைவை மீட்கிறது. யாரோ ஒருவர் தவறு செய்துவிட்டார் என்று முடிவு கட்ட எனக்கு மனமில்லை. அளவு வேறு, வயது வேறு, பாக்டீரியா இருக்கும் உடலும் இல்லாத உடலும் வேறு, அளந்த பொருளும் வேறு. முதல் சோதனை எண்ணியது படிவை. இரண்டாவது சோதித்தது நினைவை. இந்த இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மனிதர்களிலேயே மூளை நிறையப் படிவுகளோடு தெளிவான நினைவுடன் வாழ்ந்து மறைந்தவர்கள் இருக்கிறார்கள்.

“நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா” என்ற பிரிப்பு இந்த இடத்தில் உடைந்துவிடுகிறது. பாக்டீரியா தன் வேலையைச் செய்கிறது, நார்ச்சத்தை நொதிக்கிறது. அந்தப் பொருள் வந்து சேரும் மூளை எந்த வயதில், எந்த மரபணுவோடு, எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது நன்மையாகவோ தீமையாகவோ ஆகிறது.

2023-ல் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹோல்ட்ஸ்மனின் குழு செய்த ஆய்வு இதை இன்னும் கூர்மையாக்கியது. அவர்கள் எடுத்தது டாவ் சுண்டெலி. அதோடு மனிதரின் ஏபோ-இ மரபணுவையும் அதற்குள் வைத்திருந்தார்கள். முதுமையில் வரும் சாதாரண அல்சைமருக்கான மரபணு ஆபத்துகளில் மிகப் பெரியது இந்த ஏபோ-இ மரபணுவின் நான்காம் வகைதான். இந்தச் சுண்டெலிகளுக்கு மூளை உண்மையிலேயே சுருங்கும். நரம்பு செல்கள் சாகும். கூடாரத்தில் கிருமியின்றி வளர்ந்தவற்றுக்கு 40 வார வயதில் மூளைச் சுருக்கம் வெகுவாகக் குறைவாக இருந்தது. இரண்டு வார வயதில் சில நாட்கள் மட்டும் ஆன்டிபயாடிக் கொடுத்ததுகூட ஆண் சுண்டெலிகளில் பலன் காட்டியது. அந்தப் பலன் ஏபோ-இ மூன்றாம் வகை உள்ளவற்றில் தெளிவாகத் தெரிந்தது; நான்காம் வகை உள்ளவற்றில் அவ்வளவாக இல்லை. கடைசியாக, கூடாரத்துச் சுண்டெலிகளுக்குக் குறுஞ்சங்கிலி அமிலங்களைக் கொடுத்தபோது டாவ் பாதிப்பு திரும்பி வந்தது. அமிலாய்டில் கண்ட அதே கோலம், டாவிலும்.

ஒரு மரபணு வகை மாறினால் பாக்டீரியாவின் பாதிப்பும் மாறுகிறது என்ற அந்தச் சிறு விவரம்தான் இந்த ஆய்விலேயே பெரிய விஷயம் என்பது என் எண்ணம். குடலும் மரபணுவும் தனித்தனியாக ஆபத்தைக் கூட்டவில்லை. ஒன்றின் வழியாக மற்றது பேசுகிறது.

ஆண், பெண், கூண்டு

மேலே “ஆண் சுண்டெலிகளில்” என்று திரும்பத் திரும்ப வந்ததைக் கவனித்திருப்பீர்கள். சிகாகோ குழுவின் 2019 ஆய்வில் ஆன்டிபயாடிக்கால் பெண் சுண்டெலிகளின் படிவு குறையவில்லை. 2023 டாவ் ஆய்விலும் ஆன்டிபயாடிக் பலன் ஆண்களோடு நின்றது. ஆனால் 2024-ல் பாஸ்டனைச் சேர்ந்த குழு ஒன்று பாக்டீராய்டஸ் ஃப்ராஜிலிஸ் என்ற பாக்டீரியாவை அமிலாய்டு சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது படிவு கூடியது பெண்களில். அந்த பாக்டீரியா மைக்ரோகிளியாவின் விழுங்கும் திறனை மட்டுப்படுத்துகிறது என்பது அவர்களின் விளக்கம். மனிதர்களில் அல்சைமர் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். அப்படியிருக்க, ஆண் சுண்டெலியில் கிடைத்த முடிவை எல்லோருக்குமான முடிவாக எழுதிவிடும் வழக்கத்தை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்புறம் கூண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இந்தத் துறையின் பாதி முடிவுகள் இதில்தான் தடுமாறுகின்றன. சுண்டெலிகள் எச்சத்தைத் தின்னும். ஒரே கூண்டில் நான்கைந்து இருந்தால் சில நாட்களில் எல்லாவற்றின் குடல் பாக்டீரியாவும் ஒன்றுபோல ஆகிவிடும். இப்போது அல்சைமர் மரபணு உள்ள சுண்டெலிகளை ஒரு கூண்டிலும், இல்லாதவற்றை வேறு கூண்டிலும் வளர்த்து, இரண்டு கூண்டுகளின் பாக்டீரியாவையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். அந்த வித்தியாசம் மரபணுவால் வந்ததா, கூண்டால் வந்ததா? ஒரே கூண்டில் இருந்த ஐந்து சுண்டெலிகளை ஐந்து தனிச் சான்றுகளாக எண்ணினால் கணக்கே தவறு. உண்மையில் அது ஒரே ஒரு சான்று.

வாங்கும் இடமும் முக்கியம். ஒரே மரபுவகைச் சுண்டெலியை இரண்டு பண்ணைகளிலிருந்து வாங்கினால் குடல் வேறு. 2009-ல் நியூயார்க் ஆய்வாளர்கள், ஒரு நிறுவனத்தின் சுண்டெலிகளில் இருந்த குறிப்பிட்ட நோய் எதிர்ப்பு செல்கள் மற்றொரு நிறுவனத்தின் சுண்டெலிகளில் ஏன் இல்லை என்று தேடிப்போய், குடலில் ஒட்டி வாழும் ஒரே ஒரு இழை பாக்டீரியாதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு ஆய்வகத்தில் “அல்சைமர் சுண்டெலிக்கு இந்த பாக்டீரியா அதிகம்” என்றும், வேறொன்றில் “அதே பாக்டீரியா குறைவு” என்றும் வருவதற்கு இப்படிப்பட்ட சாதாரணக் காரணங்களே போதும்.

நினைவுத்திறனை அளப்பதிலும் கஷ்டம் இருக்கிறது. வழக்கமான சோதனை இது: வட்டமான பெரிய தொட்டியில் பால்போலக் கலக்கிய தண்ணீர். தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சிறு மேடை. சுண்டெலியை விட்டால் அது நீந்தி, சுவரிலுள்ள அடையாளங்களைப் பார்த்து, மேடை இருக்கும் இடத்தை நாளுக்கு நாள் வேகமாகக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளும். நினைவு கெட்ட சுண்டெலி சுற்றிச் சுற்றி வரும். ஆனால் கிருமியில்லாச் சுண்டெலியை இந்தத் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டுமானால் கூடாரத்தை விட்டு வெளியே எடுக்க வேண்டும். எடுத்த நிமிடமே அது கிருமியில்லாச் சுண்டெலி அல்ல. தவிர, நோய் மரபணு எதுவும் இல்லாத கிருமியில்லாச் சுண்டெலிகளுக்கே சில நினைவுச் சோதனைகளில் குறைபாடு தெரிகிறது என்று 2011-ல் ஒரு ஆய்வு காட்டியது. மன அழுத்தத்துக்கு அவற்றின் உடல் காட்டும் எதிர்வினையும் வேறுவிதமானது; 2004-லேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைச் சொல்லியிருந்தார்கள். படிவு குறைந்த மூளை என்பதற்காக அது நலமான மூளை என்று சொல்லிவிட முடியாது.

மனிதர் பக்கம்

மனிதரிலும் ஏதோ இருக்கிறது. 2017-ல் விஸ்கான்சின் குழு ஒன்று 25 அல்சைமர் நோயாளிகளையும் நோயில்லாத 25 பேரையும் ஒப்பிட்டபோது குடல் பாக்டீரியா வகைகள் நோயாளிகளில் குறைவாக இருந்தன. இதில் எது முன்னே எது பின்னே என்று சொல்ல முடியாது. மறதி வந்தவரின் சாப்பாடு மாறும், நடமாட்டம் குறையும், மலச்சிக்கல் வரும், மாத்திரைகள் கூடும். இவை ஒவ்வொன்றும் குடலை மாற்றும்.

அதனால் 2023-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் இன்னொரு குழு வேறு ஆட்களைத் தேடியது: நினைவு முழுக்கத் தெளிவாக உள்ள 164 பேர். பரிசோதனையில் அவர்களில் 49 பேரின் உடலில் அல்சைமரின் ஆரம்ப அடையாளங்கள் இருந்தன. அவர்களுக்கே அது தெரியாது. வாழ்க்கையோ சாப்பாடோ நோயால் மாறியிருக்கவில்லை. ஆனாலும் அவர்களின் குடல் பாக்டீரியா மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டது. அதே ஆண்டில் அயர்லாந்தின் கார்க் நகரை மையமாகக் கொண்ட குழு, அல்சைமர் நோயாளிகளின் மலத்தை ஆரோக்கியமான இளம் எலிகளுக்குக் கொடுத்தது. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் புதிய நரம்பு செல்கள் உருவாவதைச் சார்ந்த சில நினைவுச் சோதனைகளில் அந்த எலிகள் பின்தங்கின. இந்த இரண்டும் கையில் இருப்பதால்தான் சுண்டெலிக் கதையைச் சுண்டெலியோடு விட்டுவிட முடியாது என்று சொல்கிறேன்.

மருந்தாக மாற்றும் முயற்சியும் நடந்திருக்கிறது. கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன ஜிவி-971 என்ற மருந்துக்கு 2019 நவம்பரில் சீனா நிபந்தனையுடன் அனுமதி கொடுத்தது. அமிலாய்டு சுண்டெலிகளில் அது குடல் பாக்டீரியாவைச் சீராக்கி, மூளைக்குள் நுழையும் நோய் எதிர்ப்பு செல்களைக் குறைக்கிறது என்பது அதை உருவாக்கியவர்கள் தந்த விளக்கம். அந்த விளக்கத்தைப் பற்றி ஆய்வாளர்கள் பலர் அப்போதே கேள்வி எழுப்பினார்கள். பல நாடுகளில் தொடங்கிய பெரிய சோதனை முடிவு காணாமலே 2022-ல் நிறுத்தப்பட்டது. நோயாளிகளின் குடும்பங்கள் எவ்வளவு ஏக்கத்தோடு இப்படிப்பட்ட செய்திகளைப் படிக்கிறார்கள் என்பதை நினைத்தால், சுண்டெலியிலிருந்து மருந்துக்கடைக்கு இவ்வளவு வேகமாகத் தாவியிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். இந்த ஆய்வுகளில் ஆன்டிபயாடிக் என்பது குடலைக் கலைத்துப் பார்க்கும் கருவி. நினைவுக்கு மருந்தாக அதை யாரும் சாப்பிடக் கூடாது. வயதானவர்களின் குடலில் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்தால் க்ளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் போன்ற கிருமி பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். அதேபோல, குறுஞ்சங்கிலி அமிலம் சுண்டெலியில் படிவைக் கூட்டியது என்பதற்காக நார்ச்சத்தைத் தவிர்ப்பதும் வேண்டாம். பாக்டீரியாவையே காணாத ஒரு குடலில் கிடைத்த முடிவு அது. இதயத்துக்கும் குடலுக்கும் நார்ச்சத்து நல்லது என்பது மனிதர்களிலேயே நீண்ட காலம் பார்த்து அறிந்தது.

இப்போது ஆய்வகங்கள் சுண்டெலியையே மாற்றிக்கொண்டிருக்கின்றன. ஜப்பானின் ரைகென் நிறுவனத்தில் 2014-ல் உருவான சுண்டெலிகளில், மரபணுவை அளவுக்கு மீறி இயங்க வைக்காமல், சுண்டெலியின் சொந்த மரபணுவில் அமிலாய்டு பகுதியை மட்டும் மனிதருடையதாகத் திருத்தி, குடும்பப் பிறழ்வுகளையும் அதிலேயே வைத்திருக்கிறார்கள். 2019-ல் வேறொரு குழு, ஆய்வகச் சுண்டெலியின் கருவைக் காட்டுச் சுண்டெலியின் வயிற்றில் வைத்துப் பிறக்கச் செய்தது. மரபணு ஆய்வகத்துடையது, குடல் காட்டினுடையது. நோய் எதிர்ப்பு விஷயத்தில் அந்தக் குட்டிகளின் உடல், மனிதர் மருந்துக்குக் காட்டும் எதிர்வினையை வழக்கமான ஆய்வகச் சுண்டெலியைவிட நன்றாக ஒத்திருந்தது. காட்டுக் குடலும் திருத்திய மரபணுவும் ஒரே சுண்டெலியில் சேர்ந்து, இரண்டு வயது வரை, ஆணும் பெண்ணும் தனித்தனியாகப் பார்க்கப்பட்டு, படிவோடு நினைவும் சேர்த்து அளக்கப்பட்டால், பால்குடி மறக்கும் அந்த ஒரு வாரத்தில் மைக்ரோகிளியா என்ன கற்றுக்கொள்கின்றன என்பதை முதல்முறையாக நேராகக் கேட்க முடியும்.